எங்கள் ஒழுங்கை மரண உதவிச் சங்கம்: மாதம் 200 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

திருகோணமலையில் கொத்துக் கடைக்கும் நிலாவெளி ஹோட்டலுக்கும் புறாமலைக்குப் படகு விடுகிறவர்களுக்கும் எத்தனையோ பேர் விமர்சனம் எழுதிவிட்டார்கள். மரண உதவிச் சங்கத்துக்கு யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் ஊரில் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று இருக்கிறது, மாதாமாதம் காசு கட்டுகிறோம், ஒருநாள் கட்டாயம் பாவிக்கப் போகிறோம். காசு கொடுத்து வாங்குகிற சேவை என்றால் அதற்கும் நல்லது கெட்டது சொல்லத்தானே வேண்டும். நிலாவெளி வீதியால் வந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது எங்கள் சங்கம். பெயர் போடவில்லை. போட்டால் தலைவர் வாசிப்பார், அடுத்த பொதுக்கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்துவார்.

அவசரக்காரருக்கு முதலிலேயே புள்ளி சொல்லிவிடுகிறேன். சேவைக்கு ஐந்துக்கு நாலரை. நிர்வாகத்துக்கு மூன்று. புதிதாக வருகிறவர்களை நடத்தும் விதத்துக்கு ஒன்றரை, அதுவும் தாராளமாகப் போட்டது.

விலை இப்படி. சேரும்போது 1,000 ரூபாய், பிறகு மாதம் 200. முதல் ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் பொருளாளர் கொப்பியோடு இருப்பார், அங்கே போய்க் கட்டவேண்டும். ஒரு உறுப்புரிமைக்குள் கணவன், மனைவி, கலியாணமாகாத பிள்ளைகள், இரண்டு பக்கத்துப் பெற்றோர் எல்லோரும் அடக்கம், பெற்றோர் தம்பலகாமத்திலோ மூதூரிலோ இருந்தாலும் பரவாயில்லை. சாவு விழுந்தால் 40,000 ரூபாய் காசாகக் கையில் வரும். மூன்று மாதம் தொடர்ந்து கட்டாவிட்டால் உரிமை நிற்கும், நிலுவையைக் கட்டி முடித்தால்தான் திரும்ப உயிர்க்கும்.

காசோடு பொருட்களும் வரும். இரும்புக் குழாய்ப் பந்தல், தறப்பாள், பிளாஸ்டிக் கதிரைகள், நீட்டு மேசைகள், கிடாரம், பெரிய கேத்தில், தேத்தண்ணிக் கோப்பைகள், வயரும் மின்குமிழும், கரண்ட் போனால் ஒரு ஜெனரேட்டர். கதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை: நாலில் ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கும், உட்காரமுன் ஆட்டிப் பாருங்கள். வெள்ளை கட்டுகிற துணி எந்தக் காலத்தில் வெள்ளையாக இருந்தது என்று மூத்த உறுப்பினர்களுக்கே ஞாபகமில்லை. ஜெனரேட்டரின் சத்தத்தில் தேவாரம் கேட்காது.

வெறும் பணக் கணக்காகப் பார்த்தால் இது கெட்டிக்கார முதலீடு இல்லை. பெட்டி, எம்பாம், வாகனம், ஐயர், பறை மேளம், அறிவித்தல் எல்லாம் சேர்த்தால் 40,000 எந்த மூலைக்கு? பெட்டியிலேயே பெரும்பகுதி போய்விடும். காப்புறுதிக் கம்பனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து விளக்குகிறபோது இதைத்தான் சொல்வார்கள், அவர்கள் சொல்வது பிழையும் இல்லை. அப்படியானால் ஏன் சனம் விடாமல் கட்டுகிறது?

சாவு விழுந்த முதல் மூன்று மணித்தியாலங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். செயலாளருக்கு ஒரு அழைப்பு போனால் போதும். இரவு ஒரு மணியானாலும் லாண்ட்மாஸ்டரில் பந்தல் வந்து இறங்கும். இரண்டு பெடியன்கள் முற்றத்தில் கிடக்கிற கல், சைக்கிள், கோழிக்கூடு எல்லாவற்றையும் யாரிடமும் கேட்காமல் ஒதுக்குவார்கள். ஒருவர் காலையில் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டிய கடதாசிகளை எடுத்து வைப்பார், வீட்டில் நடந்த மரணமென்றால் அந்த அறிக்கை இல்லாமல் பதிவு நகராது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் பக்கத்து வளவில் பெண்கள் கூடிக் கிடாரம் ஏற்றுவார்கள். உடல் கிடக்கிற வீட்டில் இரவிரவாக ஆள் இருக்கவேண்டும், அதற்குப் பந்தலுக்குள் நாலு பேர் கடதாசி விளையாடிக்கொண்டு முழித்திருப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியலாம், ஆனால் அந்த நாலு பேர் இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டுப்பாருங்கள். வீட்டுக்காரர் அழுவதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. 200 ரூபாய்க்கு வாங்குவது இதைத்தான்.

இது எவ்வளவு உண்மை என்று 2020, 2021 இல் தெரிந்தது. கொரோனாக் காலத்தில் எங்கள் ஒழுங்கையிலும் சாவுகள் நடந்தன. சங்கம் ஒரு சதம் குறையாமல் காசு கொடுத்தது. ஆனால் கூட்டம் கூட முடியாது, இரவு முழிக்க முடியாது, கிடாரம் ஏற்ற முடியாது. காசு வாங்கிய வீட்டுக்காரர் ஒருவர் பிறகு பொதுக்கூட்டத்தில் எழும்பி "சங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்யேல்லை" என்றார். பொருளாளர் கொப்பியைத் திறந்து கையெழுத்தைக் காட்டினார். அந்த மனிதர் "அது காசு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதே காலத்தில் கொரோனாவில் இறந்த முஸ்லிம் சகோதரர்களின் ஜனாஸாக்களையும் கட்டாயமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது, அதுவும் சொந்த ஊர் மையவாடியில் இல்லை, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிண்ணியாவில் பள்ளிவாசல் தோறும் ஜனாஸாவுக்கென்று ஓடித் திரிகிற ஆட்கள் அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு நேர்ந்ததைவிட அது பல மடங்கு கொடுமை.

சாவு வீட்டில் கூடி நிற்கிற இந்த அயல் உறவைப் பல்கலைக்கழகக்காரர்கள் சமூக மூலதனம் என்கிறார்கள். 1916 இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராமப் பாடசாலைகளை மேற்பார்வை செய்த ஹனிஃபன் என்பவர் அந்தச் சொல்லை எழுதினார். பணமும் காணியும் போல அயலவர்களுக்கிடையிலுள்ள நல்லெண்ணமும் போக்குவரத்தும் ஒரு சேமிப்பு, தனியாக விட்டால் ஒருவரால் ஒன்றும் ஆகாது, பக்கத்து வீட்டோடு பழகினால் அது சேர்ந்துகொண்டே போகும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் எங்கள் பந்தலுக்குள் ஒரு இரவு இருந்திருந்தால் இன்னும் வேகமாக எழுதியிருப்பார்.

சரி, இந்தச் சேமிப்பு எதில் நிற்கிறது? சனம் நல்ல சனம் என்பதிலா? எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. எங்கள் ஒழுங்கையில் மதில் சண்டை உண்டு, கிணற்றுச் சண்டை உண்டு, இரண்டு வீட்டுக்காரர் பல வருடமாகக் கதைப்பதே இல்லை. ஆனால் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வந்து கதிரை அடுக்கினார். ஏனென்றால் யாப்பில் இருக்கிறது: ஒவ்வொரு மரணத்துக்கும் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலிருந்தும் ஒருவராவது வரவேண்டும், வந்து வரவுக் கொப்பியில் ஒப்பமிட வேண்டும். வராவிட்டால் தண்டம். முதல் தடவை 100 ரூபாய், அடுத்த தடவை 250, மூன்றாவது தடவை நிர்வாக சபைக்கு வந்து காரணம் சொல்லவேண்டும். காரணம் நியாயமென்றால் தண்டத்தை வெட்டிவிடுவார்கள். 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய எலினோர் ஒஸ்ட்ரம் நேபாளத்து வாய்க்கால்கள், சுவிஸ் மலைப் புல்வெளிகள் என்று நீண்ட காலம் தாக்குப்பிடித்த பொதுச் சொத்துகளைப் பற்றி ஆராய்ந்து கண்டவற்றில் இதுவும் ஒன்று: சிறிய பிழைக்குச் சிறிய தண்டனை, திரும்பச் செய்தால் கூடிக்கொண்டு போகவேண்டும், கண்காணிப்பவர் உள்ளூர்க்காரராக இருக்கவேண்டும். எங்கள் யாப்பை எழுதிய பழைய தலைமை ஆசிரியருக்கு ஒஸ்ட்ரமைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவருக்குச் சனத்தைத் தெரியும்.

இப்போது அந்தத் தண்டம்தான் பிரச்சினை. பழைய கொப்பிகளில் தண்டம் கட்டியவர்கள் குறைவு, கட்டவேண்டி வந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். இப்போது சில வீடுகளில் வருடம் தொடங்கும்போதே சந்தாவோடு தண்டத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்! "எங்களுக்கு வர வசதிப்படாது, இதை வைத்துக்கொள்ளுங்கோ." பிள்ளை கனடாவிலிருந்து அனுப்புகிற காசில் 250 ரூபாய் ஒரு பொருட்டா? இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் ஒரு பரிசோதனை செய்தார்கள், முடிவு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் போட்டார்கள். பிந்துவது குறையவில்லை, கூடியது. ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கட்டித்தானே பிந்துகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. பிறகு தண்டத்தை எடுத்துவிட்ட பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. எங்கள் நிர்வாக சபை தண்டத்தை 1,000 ஆக்கலாமா என்று யோசிக்கிறது. ஆக்கினால் ஏழை வீடுகள் மட்டும் ஒழுங்காக வரும், காசுள்ள வீடுகள் 1,000 கட்டும், அவ்வளவுதான் நடக்கும். காசாகக் கட்ட முடியாதபடி வேலையாக மாற்றுங்கள், வராதவர் வீடு அடுத்த சாவுக்குக் கிடாரம் கழுவவேண்டும் என்று ஒரு அக்கா பிரேரணை கொண்டுவந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது இந்தச் சங்கத்தில் வந்த மிக நல்ல பிரேரணையாகப் படுகிறது.

நம்பிக்கையைப் பொறுத்தவரை பொருளாளரைப் பாராட்டவேண்டும். இரவு இரண்டு மணிக்கு வங்கி திறக்காது என்பதால் ஒரு மரணத்துக்கான காசு எப்போதும் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கும். கொண்டுவந்து கொடுப்பார், பற்றுச்சீட்டெல்லாம் எட்டுச் செலவு முடிந்த பிறகு. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1988 இல் எழுதிய கட்டுரையில் நியூயோர்க் வைர வியாபாரிகளைக் காட்டுவார்: ஒரு பை கல்லை மற்றவர் தனியாக இருந்து பார்க்கட்டும் என்று ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் கொடுத்துவிடுவார்கள், குடும்பமும் கோயிலும் தெருவும் ஒன்றாக இருப்பதால் ஏமாற்றுகிறவருக்குப் போக இடமில்லை. எங்கள் பொருளாளருக்கும் போக இடமில்லை, காசு குறைந்தால் அவர் மட்டுமில்லை, அவர் மகளின் கலியாணப் பேச்சும் நிற்கும். கேட்கக் கொஞ்சம் கொடுமைதான். அதனால்தான் நிர்வாகத்துக்கு மூன்று மட்டும் போட்டேன். நல்ல மனிதரின் பயத்தில் கணக்கை விட்டுவைப்பது சங்கத்துக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. மாதக் கணக்கைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி எவ்வளவோ கேட்டாயிற்று. குழுவில் வருவது காலை வணக்கமும் மாம்பழப் படமும்.

செயலாளர் வேறு ரகம். அரச அலுவலகத்தில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், எந்தக் கடதாசி எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று மனப்பாடம். மரணச் சான்றிதழில் பெயர் ஒரு எழுத்துப் பிழைத்தால் அலைய விடுவார்களே, அந்த அலைச்சலைப் பாதியாகக் குறைப்பவர் அவர்தான். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்த கடிதங்கள் எங்கே போயினவோ தெரியாது. அவர் சங்கத்தின் கடிதத் தலைப்பில் எல்லா உறுப்பினரிடமும் ஒப்பம் வாங்கிக்கொண்டு போன பிறகு வடிகான் வந்தது. இத்தாலியில் 1970 இல் ஒரே மாதிரி அதிகாரத்தோடு பிராந்திய அரசுகளை அமைத்தார்கள், வடக்கில் அவை ஓடின, தெற்கில் இழுபட்டன. அதை இருபது வருடம் பின்தொடர்ந்த ரொபர்ட் பட்னம், பாடகர் குழுவும் கால்பந்துக் கழகமும் நிறைய இருந்த இடங்களில்தான் அரசும் ஒழுங்காக வேலை செய்தது என்றார். அதை இத்தாலிய வரலாற்றாசிரியர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வடிகானை வைத்துச் சொல்கிறேன், பட்னம் பாதியாவது சரி.

மீதிப் பாதிக்கு வருகிறேன். ஒன்றரைப் புள்ளி எதற்கு என்று கேட்பீர்கள்.

எங்கள் சங்கத்தில் வாடகை வீட்டுக்காரர் சேர முடியாது. யாப்பில் நிரந்தர வதிவிடம் என்றுதான் இருக்கிறது, நிர்வாக சபை அதற்குச் சொந்தக் காணி என்று பொருள் வைத்திருக்கிறது. ஒழுங்கையின் கடைசி வீட்டில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிற ஒரு குடும்பத்தில் போன மாரியில் ஒரு சாவு. ஆட்கள் போனார்கள், அதை மறுக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்கள் சமைத்தும் கொடுத்தார்கள். ஆனால் பந்தல் வாசிகசாலைக்குள் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுப் பெடியன் மழைக்குள் டவுனுக்கு ஓடி வாடகைக்குத் தறப்பாள் பிடித்துக்கொண்டு வந்தான். நான் தலைவரைக் கேட்டேன். "நாளைக்கு அவை வீட்டை விட்டுட்டுப் போனா, மற்றவையின்ர செத்த வீட்டுக்கு ஆர் வாறது?" என்றார்.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். இன்று நான் உன் வீட்டுக்கு வருகிறேன், பத்து வருடம் கழித்து நீ என் வீட்டுக்கு வருவாய் என்பதுதான் இந்தச் சங்கத்தின் முழு வியாபாரமும். ஓடிப்போக முடியாதவர்களிடம்தான் அது செல்லும். ஆனால் ஓடிப்போக முடியாதவர் யார்? காணி உள்ளவர். அப்போது உதவி மிக அவசரமாகத் தேவைப்படுகிற வீடு எப்போதும் வெளியில்தான் நிற்கும். சமூகத் தொடர்புகளையும் மூலதனமாகக் கணக்கெடுத்த பிரெஞ்சுக்காரர் பியர் பூர்தியூ அதைப் பட்னம் போல மென்மையாகப் பார்க்கவில்லை. உள்ளவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கைமாற்றுகிற சொத்து அது என்று பார்த்தார். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்களை ஆராய்ந்த டானியல் ஆல்ட்ரிச்சும் இதே இரட்டை முகத்தைக் கண்டார்: வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த கிராமங்களுக்கு நிவாரணம் வேகமாக வந்தது, அதே பஞ்சாயத்துகளின் பட்டியலில் தலித்துகளும் விதவைகளும் விடுபட்டுப் போனார்கள். 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு எங்கள் சங்கத்துக் கிடாரங்கள் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பாடசாலைக்குப் போயின, அங்கே யாரும் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. ஆகவே முடியாது என்பதெல்லாம் இல்லை. மனம் வந்தால் பூட்டு திறக்கும்.

நிர்வாக சபையைப் பற்றி இன்னொன்று. சமைப்பது பெண்கள், சந்தாவைக் கொண்டுவந்து கட்டுவதும் பெரும்பாலும் பெண்கள், சபையில் இருப்பது ஒன்பது ஆண்களும் இரண்டு பெண்களும். அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுத்த பொறுப்பு தேநீர்.

மாற்றுச் சேவைகளையும் ஒப்பிடவேண்டும். டவுனில் மலர்ச்சாலைகள் இருக்கின்றன. எல்லாம் சுத்தம், கதிரைகளுக்கு நாலு காலும் உண்டு, ஏசி, வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்க நேரடி ஒளிபரப்பு. பிள்ளைகள் எல்லோரும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற வீட்டுக்கு அதுவே வசதி, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இரவு எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், அங்கே முகம் காட்டுவதுதான் கடமை, முழித்திருப்பது இல்லை.

அலுவலக நலன்புரிச் சங்கம் அடுத்தது. சம்பளத்தில் வெட்டுவார்கள், அதனால் நிலுவை என்ற பேச்சே இல்லை. சாவு என்றால் மலர்வளையமும் கறுப்புப் பனரும் ஒரு வேன் நிறைய ஆட்களும் வரும், அரை மணியில் போய்விடுவார்கள். ஆனால் அலுவலகத் தொடர்புக்கு வேறு பலன் இருக்கிறது, அதை எங்கள் ஒழுங்கை ஒருநாளும் தராது. மார்க் கிரனோவெட்டர் 1973 இல் எழுதியது இதைத்தான்: வேலை வாய்ப்புச் செய்தி நெருங்கிய நண்பரிடமிருந்து வருவதைவிட எப்போதாவது சந்திக்கிற தெரிந்தவர் மூலம்தான் வருகிறது, நெருங்கியவருக்குத் தெரிந்தது எங்களுக்கும் ஏற்கனவே தெரிந்திருக்கும். எங்கள் பந்தலுக்குள் விடிய விடியக் கதைத்தாலும் புதுச் செய்தி ஒன்றும் வராது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறோம், சந்தையில் ஒன்றாக நிற்கிறோம், சாவுக்கு மட்டும் தனித்தனிச் சங்கம். சடங்கு வேறு என்பதால் அது ஓரளவுக்கு விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் கதிரைக்கு மதம் இல்லையே. ஒரே கிழமையில் இரண்டு சாவு விழுந்து கதிரை தட்டுப்பட்டபோது பக்கத்துப் பள்ளிவாசலில் கேட்டு வாங்கினோம், அவர்களுடைய கதிரைகள் எங்களுடையதைவிடத் திறம். பிறகு அவர்களுக்கு ஒரு நிகழ்வுக்கு எங்கள் ஜெனரேட்டர் போனது. அதை எழுத்தில் ஒரு ஏற்பாடாக ஆக்கலாம் என்றால் "அதெல்லாம் அப்படியே நடக்கும்" என்கிறார்கள். அப்படியே நடப்பது பிரச்சினை வந்தால் அப்படியே நின்றும் போகும், இந்த ஊரில் அதைப் பார்க்காதவர் யார்? அம்பாறைப் பக்கத்துக் கல் ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடது கரை வாய்க்கால்களில் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகளைக் குழுக்களாக அமைத்தார்கள். கொர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தண்ணீர் குறைந்த போகத்தில் வாய்க்காலின் தலைப்பகுதிக்காரர் முறை வைத்துக் கடைப்பகுதிக்காரருக்குத் தண்ணீர் விட்டார்கள். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழரும் இருந்தார்கள். அங்கே ஒவ்வொரு வயல் வாய்க்காலாகப் போய் ஆட்களோடு கதைத்து ஒழுங்குபடுத்துவதற்கென்றே இளைஞர்களை அனுப்பியிருந்தார்கள், தானாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது நீளமாகப் போகும், ஆனால் அவசியம். சங்கத்தின் கையிருப்பு கொஞ்சம் சேர்ந்திருப்பதால் உறுப்பினருக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கலாம் என்று சிலர் பேசுகிறார்கள், ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதுமாம். இந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய குழுக் கடன் அது, சொத்து இல்லாத பெண்களுக்கு ஒருவரையொருவர் தெரியும் என்பதையே பிணையாக எடுத்தது, 2006 இல் அவருக்கும் கிராமீன் வங்கிக்கும் சமாதான நோபல் பரிசும் கிடைத்தது. போருக்குப் பிறகு இங்கே வந்த நுண்கடன் கம்பனிகள் பல அதன் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டியைத் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டன. ஒருத்திக்குக் கட்ட முடியாமல் போனால் மற்ற நாலு பேரும் அவள் படலையில் போய் நிற்கவேண்டும், அவள் கட்டும்வரை கம்பனிக்காரர் எழும்ப மாட்டார். கிடாரத்தில் ஒன்றாகச் சோறு கிளறிய பெண்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் திரிந்ததை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தோம். 2018 இல் அரசாங்கம் திருகோணமலை உட்பட வறட்சி பாதித்த பன்னிரண்டு மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் நின்ற ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது, நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச எல்லையும் வைத்தார்கள். சிலருக்குக் கடன் தீர்ந்தது. முறிந்த உறவைத் தள்ளுபடி செய்து பழையபடி ஆக்க எந்த அமைச்சும் இல்லை. ஆகவே மரணச் சங்கத்தின் காசு மரணத்துக்கே இருக்கட்டும். கடன் தேவைப்படுகிறவருக்குச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, அதற்குச் சட்டமும் கணக்காய்வும் இருக்கின்றன, அங்கே போகட்டும்.

2022 இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது சங்கத்தின் விறகு அடுப்புகள் வெளியே வந்தன, இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தன என்பதையும் குறித்து வைக்கிறேன். அது யாப்பில் எங்கும் இல்லாத சேவை.

சேரலாமா? சொந்தக் காணி இருந்தால் உடனே சேருங்கள். வாடகைக்கு இருந்தால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நான் உட்படச் சிலர் அதைத் தூக்கிப் பிடிக்கத் தயாராக இருக்கிறோம். முதல் ஞாயிறு நாலு மணிக்கு வாசிகசாலைக்கு அடையாள அட்டைப் பிரதியும் குடும்ப விபரமும் கொண்டுவாருங்கள். பெற்றோர் பெயரைச் சேரும்போதே எழுதுங்கள். பிறகு சேர்த்தால் ஆறு மாதம் காத்திருப்புக் காலம், அதில் செயலாளர் அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.